யானை மேல் வந்த ஆலோசகர்

ஓர் ஆட்டின் தலை பானைக்குள் மாட்டிக்கொள்கிறது. ஊரார் மகாதெனமுத்தாவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். அவர் நடந்து வருகிற ஆள் இல்லை. யானை மேல் வருகிறார், பின்னால் ஐந்து சீடர்கள். வளவுக்குள் யானை நுழைய வாசல் போதாது. மதிலை இடிக்கச் சொல்கிறார், இடிக்கிறார்கள். ஆட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கழுத்தை வெட்டச் சொல்கிறார்; வெட்டுகிறார்கள். தலை இன்னும் பானைக்குள்தான் இருக்கிறது. பானையை உடைக்கச் சொல்கிறார். அதுவும் நடக்கிறது. மதில் போயிற்று, ஆடு போயிற்று, பானை போயிற்று, சிக்கல் தீர்ந்தது.

சிங்களச் சிறுவர் கதைகளில் இதைவிடப் பரவலான ஒன்றைச் சொல்வது கடினம். மகாதெனமுத்தா என்றால் பெரிய அறிவாளித் தாத்தா. கதைப் புத்தகப் படங்களிலும் பத்திரிகைக் கேலிச்சித்திரங்களிலும் பெரும்பாலும் தாடியும் கைத்தடியுமாக வருவார். இலங்கைப் பத்தி எழுத்தாளர்களும் நாடாளுமன்றத்தில் பேசுகிறவர்களும் ஓர் அமைச்சரின் புதுத் திட்டத்தை நையாண்டி செய்ய வேண்டுமானால் அவர் பெயரை எடுப்பார்கள். ஆட்டின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

பன்வில பக்கத்தில் இந்தக் கிழவருக்கு ஒரு தமிழ் உறவினரும் உண்டு. கண்டியிலிருந்து வத்தேகம வழியாக மேலேறினால் பன்வில. அதற்கும் மேலே மடுல்கலை, ஹுலுகங்கை, பிறகு நக்கிள்ஸ் தொடரின் மேற்குச் சரிவு. இங்கே சிங்களக் கிராமமும் தமிழ்த் தோட்டமும் அடுத்தடுத்து இருக்கின்றன. கடைத்தெருவில் எல்லாச் சமூகங்களும் கலக்கின்றன. பாடசாலையில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கும் லயக் குடியிருப்புப் பிள்ளைக்கு மகாதெனமுத்தா புதியவராகத் தெரிய வாய்ப்பில்லை. அவரைப் போலவே ஐந்து சீடர்களோடு திரியும் பரமார்த்த குருவின் கதை தமிழில் ஏற்கெனவே இருக்கிறதே.

இரண்டு குருமாருக்கும் ஐந்து ஐந்து சீடர்கள். பரமார்த்த குருவுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். மகாதெனமுத்தாவுக்குப் புவக் பதில்லா, கொட்டு கித்தையா, ரப்பட ஐயா, இந்திகட்டு பஞ்சா, பொல்பே மூனா. எது எதைப் பார்த்து வந்தது என்ற விசாரணைக்குள் நான் போகப் போவதில்லை. முட்டாள் கூட்டத்தின் கதை உலகம் முழுக்க அலைகிறது. ஆற்றைக் கடந்தபின் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒருவனைக் காணோம் என்று அழும் கதை இங்கிலாந்தின் கோத்தம் ஊர்க்காரர்கள் பெயரிலும் வழங்குகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தமிழ்ச் சீடர்களின் பெயர்கள் அவர்களுடைய புத்தியைச் சொல்கின்றன. சிங்களச் சீடர்களின் பெயர்களில் சில உடம்பையே வரைந்து காட்டுகின்றன. ஊசி போல ஒருவன், தேங்காய்ப் பாதி போன்ற முகத்தோடு ஒருவன். சித்திரக்காரர் யோசிக்க வேண்டியதில்லை, பெயரைக் கேட்டதுமே கோடு ஓடும். மகாதெனமுத்தா இவ்வளவு சுலபமாகப் படங்களுக்குள் குடியேறியதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தமிழில் மட்டியையும் மடையனையும் வரைகிறவர் ஐந்து பேரையும் பிரித்துக் காட்டுவதற்குள் களைத்துப்போவார்.

பரமார்த்த குருவை எழுதியவர் வீரமாமுனிவர், இத்தாலியிலிருந்து வந்த ஜோசப் பெஸ்கி (1680–1747). ஐரோப்பியப் பாதிரிமார் தமிழ் பழகுவதற்காக 1740களில் எழுதி, லத்தீனிலும் ஆக்கினார். 1822இல் லண்டனில் பெஞ்சமின் பாபிங்டன் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். 1732இல் சதுரகராதி தொகுத்தவரும் இவர்தான். சொற்களையெல்லாம் திரட்டி அடுக்கிய ஒருவர், அறிவு என்ற பெயரில் நடக்கும் அபத்தத்தை இவ்வளவு நெருங்கிப் பார்த்திருக்கிறார். அகராதி வேலை செய்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

இனி இரண்டு குருமாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பரமார்த்த குரு தனக்கு எல்லாம் தெரியும் என்று மார்தட்டுகிறவர் இல்லை. சீடர்கள்தாம் அவரைத் தெரிந்தவராக ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஆறு விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கிறார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று வாங்குகிறார்கள். தானிருந்த கிளையையே வெட்டிய ஒரு சீடன், விழப்போகிறாய் என்று எச்சரித்த வழிப்போக்கப் பிராமணரைத் தீர்க்கதரிசியாக எடுத்துக்கொண்டு, அவரிடமே குருவின் சாவு எப்போது என்று கேட்டு வருகிறான். கிடைத்த பதிலைக் குருவும் நம்புகிறார். அந்த நம்பிக்கையே அவரை முடிக்கிறது. சேதம் மடத்துக்குள்ளேயே நடக்கிறது. மகாதெனமுத்தா அப்படியில்லை. அவர் ஊருக்குள் வந்து சேதம் செய்கிறார்; இழப்பு ஆட்டுக்காரனுக்கு. அறிவுரை சொன்னவருக்கு ஒரு கீறலும் இல்லை, யானையில் ஏறித் திரும்பிப் போய்விடுகிறார். தமிழ்க் குரு பலியாகிறார், சிங்களக் குரு பலியெடுக்கிறார்.

இருவருக்கும் பொதுவானது ஒன்று: யாரும் தனியாக எல்லாம் தெரிந்தவர் ஆகிவிடவில்லை. கேட்க ஆள் வேண்டும், கேட்டபின் வெட்ட ஆள் வேண்டும்.

மேற்கத்திய சித்திரக்கதைகளில் இந்தப் பாத்திரத்தின் நிலை வேறு. பெல்ஜியத்தின் பேயோ 1958இல் உருவாக்கிய ஸ்மர்ஃப் நீலக் குள்ளர்களுக்குள் கண்ணாடி போட்ட ஒருவன் இருக்கிறான். எதற்கும் ஒரு விளக்கம், எல்லாவற்றுக்கும் ஒரு நீதி. 1981இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் அவன் வாயைத் திறந்து கொஞ்ச நேரத்தில் ஊரார் தூக்கி எறிவார்கள். ஊர் எல்லைக்கு வெளியே தலைகீழாக வந்து விழுவான். அமெரிக்காவின் சார்லஸ் ஷுல்ஸ் 1950 முதல் வரைந்த 'பீனட்ஸ்' தொடரில் லூசி என்ற சிறுமி ஐந்து சதத்துக்கு மனநல ஆலோசனை விற்கக் கடை போட்டிருக்கிறாள். தம்பிக்கு இயற்கையைப் பற்றி அவள் அடித்துவிடும் தவறான 'உண்மை'களைக் கேட்டு சார்லி பிரவுனுக்கு வயிறு வலிக்கும். 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' தொடரில் அப்பாக்காரர், பழைய புகைப்படங்கள் கறுப்பு வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் அந்தக் காலத்தில் உலகமே கறுப்பு வெள்ளையாக இருந்ததுதான் என்று மகனிடம் விளக்குவார். இவர்கள் எல்லோரும் தொல்லை தருகிறவர்கள். அவர்களைச் சகித்துக்கொள்ளலாம், விரட்டலாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். அவர்களைத் தேடி யாரும் ஆள் அனுப்புவதில்லை. லூசியின் கடைக்குச் சார்லி பிரவுன் திரும்பத் திரும்ப வருகிறானே என்றால், உண்மைதான். ஆனால் அவன் ஒருவன், ஊர் இல்லை.

சித்திரக்கதைக்கு இந்த ஆள் ஏன் இவ்வளவு பொருந்துகிறார்? ஒரு கட்டத்துக்குள் பேச்சும் படமும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேச்சுக்குமிழியில் மேதாவி பேசிக்கொண்டிருப்பார், படத்தில் பானைக்குள் ஆட்டின் தலை இருக்கும். வாசகர் இரண்டையும் ஒரே பார்வையில் காண்கிறார். மேதாவிக்குத் தன் குமிழி மட்டும்தான் தெரிகிறது. நாவலில் இதே நகைச்சுவையைக் கொண்டுவர ஒரு பக்கம் செலவாகும். இங்கே குமிழியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும். உயர்த்திய சுட்டுவிரல், மூக்கில் இறங்கிய கண்ணாடி, கட்டத்தின் பாதியை விழுங்கும் எழுத்து.

அதனால்தானோ என்னவோ, இந்தப் பக்கத்துக் கேலிச்சித்திரங்களின் நாயகர் பேசாதவராகவே அமைந்தார். ஆர்.கே. லக்ஷ்மண் 1951இல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் வரையத் தொடங்கிய பொதுமனிதர், கட்டம் போட்ட கோட்டோடு ஓரத்தில் நின்று பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். இலங்கையில் '43 குழு' ஓவியர்களில் ஒருவரான ஓப்ரி கொலெட் 'சிட்டிசன் பெரேரா'வைப் படைத்தார், டபிள்யூ.ஆர். விஜேசோமவுக்குப் 'புஞ்சி சிங்ஹோ'. அமைச்சரும் நிபுணரும் குமிழி குமிழியாகப் பேச, சாதாரண ஆள் பக்கத்தில் நிற்கிறார். இவர்களையும் மகாதெனமுத்தாவையும் ஒரே படத்தின் இரு மூலைகளாகப் பார்க்கலாம். ஒருவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறார். மற்றவரை யாரும் எதுவும் கேட்பதே இல்லை.

ஈழத்தமிழ்ச் சித்திரத்தில் இந்த ஏற்பாட்டைக் குலைத்துப் போட்டவர் கரவெட்டியில் பிறந்த சிவஞானசுந்தரம். 'சுந்தர்' என்ற பெயரில் வரைந்தவர். தினகரனில் வந்த சவாரித்தம்பரும் சின்னக்குட்டியும் அவருடைய கை. 1960களின் முற்பகுதியில் கொழும்பில் அவர் தொடங்கிய 'சிரித்திரன்' பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் போனது. மைனர் மச்சான், மிஸிஸ் டாமோடிரன், மெயில் வாகனத்தார் என்று அதில் ஒரு ஊரே நடமாடியது. தாமோதரன் டாமோடிரன் ஆனதிலும் மயில்வாகனம் மெயில்வாகனம் ஆனதிலும் சுந்தரின் கிண்டல் எங்கே குத்துகிறது என்று புரிந்துவிடும்: இங்கிலீசைத் தொட்டதும் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கும் உத்தியோக வர்க்கம். இவர்களுக்குச் சீடர்கள் தேவையில்லை. உச்சரிப்பே யானை.

அதே சிரித்திரனில் சுந்தர் வேறொரு வேலையும் செய்தார். 'மகுடி' என்ற பெயரில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். கேள்வி–பதில் பகுதி என்பது தமிழ் இதழ்களில் எல்லாம் தெரிந்தவருக்கென்றே ஒதுக்கிய ஆசனம். தமிழ்நாட்டில் கல்கண்டு ஆசிரியர் தமிழ்வாணன் அந்த ஆசனத்தில் அமர்ந்து, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தன்னையே ஒரு சித்திரமாக்கிக்கொண்டார். முகத்தை வரையாமல் அவை இரண்டை மட்டும் வரைந்தாலே ஆள் யாரென்று தெரிந்தது. ஒரு மனிதர் தன்னைத் தானே இலச்சினையாக்கிக்கொண்டதற்குத் தமிழில் இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது. சுந்தரின் மகுடி அந்த ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டே ஆசனத்தை ஆட்டினார். தகவலுக்குப் பதில் ஒரு திருப்பம் வரும். கேட்டவர் தன் கேள்வியையே திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். பதில் சொல்லும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேலி செய்வது சின்ன வேலை இல்லை.

மலையகத்துக்கு வருவோம். தோட்டத்தில் எல்லாம் தெரிந்தவர் யார் என்ற கேள்விக்கு நூறு ஆண்டுக்கு மேலாக ஒரே பதில்: தோட்டத்து நிர்வாகியான துரை. அவருக்குக் கீழே பெரிய கணக்கப்பிள்ளை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று அறிவு படிப்படியாக இறங்கி வரும். லயத்துக்கு வந்து சேரும்போது அது கட்டளையாக மட்டுமே மிஞ்சியிருக்கும். சீமையிலிருந்து வந்திறங்கும் இளம் சின்னத்துரைக்குத் தமிழ் பழக்க 19ஆம் நூற்றாண்டில் வெளியான கையடக்க வழிகாட்டி ஒன்றின் பெயர் 'இங்கே வா'. வீரமாமுனிவர் அயல்நாட்டாருக்குத் தமிழ் பழக்க ஒரு முட்டாள் குருவின் கதையை எழுதினார். தேயிலைக் காலத்து ஆங்கிலேயருக்கு ஓர் ஏவல் வினையே பாடப்புத்தகத்தின் தலைப்பாகப் போதுமாக இருந்தது. மொழியைக் கற்பதற்கும் மொழியால் வேலை வாங்குவதற்கும் நடுவில் இருந்த தூரம் இந்த இரண்டு புத்தகங்களுக்கும் நடுவில் இருக்கிறது.

நாட்டார் மேதாவியின் வார்ப்பு துரைக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். மகாதெனமுத்தாவை ஊர் அழைத்தது. பரமார்த்த குருவைச் சீடர்கள் நம்பினார்கள். துரையை யாரும் அழைக்கவுமில்லை, நம்ப வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நம்பிக்கை தேவைப்படாத இடத்தில் மேதாவி சிரிப்புக்குரிய பாத்திரமாவது கடினம். அவர் வெறும் அதிகாரியாகிவிடுகிறார். ஊரே கூடிக் கட்டிய மேடை சரிவதைப் பார்க்கத்தான் சிரிப்பு வருகிறது. மேடையை அவரே கட்டிக்கொண்டு, கீழே நிற்பவர்களையும் அவரே நிறுத்தி வைத்திருந்தால் சிரிப்பு லயத்துக்குள், தாழ்ந்த குரலில்தான் நடக்கும். அச்சுக்கு வராது.

வாக்கால் அழைக்கப்பட்டு வந்தவர்களின் கதை 2021இல் நடந்தது. அந்த ஆண்டு மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியது; நாடு முழுவதும் இயற்கை விவசாயத்துக்கு மாறிவிடும் என்றார்கள். வேளாண் விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள், விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆனால் தேயிலைச் செடிக்கு நாட்காட்டி தெரியாது. உரம் விழாத பருவத்தின் விளைவு அடுத்த ஆண்டுதான் முழுதாகத் தெரியும். 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. எரிபொருள் தட்டுப்பாடும் பொருளாதார வீழ்ச்சியும் அதில் சேர்ந்திருந்தன என்பதை மறுக்க முடியாது. எல்லாப் பழியையும் ஒரே பையில் போட்டால் நானும் ஒரு சின்ன மகாதெனமுத்தாதான். பன்வில போன்ற இடங்களில் கொழுந்து குறைந்தால் கூலியும் குறைகிறது, ஏனென்றால் பறித்த கிலோவை வைத்துத்தான் அன்றைய கணக்கு. மதில் இடிந்தது ஒரு வளவில் மட்டுமல்ல.

அந்த நாட்களில் ஆட்டுக் கதை நாட்டில் மீண்டும் சுற்றியதில் ஆச்சரியமில்லை. ஆனால் அதைச் சொல்லும் விதத்தில் ஒரு வசதி இருக்கிறது, அதுதான் எனக்கு உறுத்தல். கிழவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். மதிலை இடித்தவர்களின் கைகளைப் பார்ப்பதில்லை. சித்திரங்களும் பெரும்பாலும் இதே தவறைச் செய்கின்றன. தலைவரைத் தாடியோடு யானை மேல் உட்கார்த்திவிட்டால் படம் முடிந்துவிடுகிறது. ஆள் அனுப்பி அழைத்தவர்கள், கத்தியை எடுத்துக்கொண்டு வந்தவர்கள், வெட்டலாமா என்று ஒரு கணம்கூடத் தயங்காதவர்கள் படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். நாட்டார் கதையோ இவர்களைப் போலச் சொன்னதைக் கேட்கும் சீடர்களைத்தான் கவனமாகப் பெயர் வைத்து, வயிறும் முகமும் கொடுத்து வளர்த்தது.

சீடனை நடுவில் கொண்டுவந்தது இந்தியச் சித்திரக்கதைதான். 1983இல் 'டிங்கிள்' இதழில் தோன்றிய சுப்பாண்டி, தமிழ் நாட்டார் கதைகளிலிருந்து வந்தவன். திருச்சி பி. வரதராஜன் எழுதி அனுப்பிய கதைகளுக்கு ராம் வாயீர்கர் உருவம் கொடுத்தார். எஜமான் சொன்னதைச் சொன்னபடியே செய்து எஜமானைத் தவிக்க வைப்பான். பரமார்த்த குருவின் மடத்திலிருந்து ஒருவன் தப்பித்து வேலைக்குச் சேர்ந்துவிட்டது போல. கட்டளையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினாலே கட்டளை உடைந்துவிடும் என்பதை அவன் இதழுக்கு இதழ் நிரூபித்தான். அவனுக்கு அது தெரியாது என்பதுதான் வேடிக்கை.

திரையில் இது இன்னும் கூர்மையாயிற்று. 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் கவுண்டமணியின் பெயர் ஆல் இன் ஆல் அழகுராஜா. சைக்கிள் கடை வைத்திருக்கும் எல்லாம் தெரிந்த ஏகாம்பரம். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மென்திரி எப்படி ஒளி தருகிறது என்று செந்தில் கேட்கிறார், அழகுராஜா விளக்குகிறார், செந்தில் தொட்டுப் பார்க்க, மென்திரி பொடியாகிவிடுகிறது. கூத்தில் ராஜாவின் பேச்சுக்கு நடுவே புகுந்து அதைக் கவிழ்க்கும் கட்டியக்காரன் இங்கே குரல் தாழ்த்தி, பயந்தவன் போல நடித்துக்கொண்டு நிற்கிறான். மேற்கின் கண்ணாடிக்காரனை ஊர் தூக்கி எறிகிறது. அழகுராஜாவுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அவரை மதித்து ஒருவர் கேட்டார். அந்த மதிப்புக்குள்ளேயே அவருடைய அறிவு தூளாகிவிட்டது.

வடிவேலுவின் நேசமணி ('ஃப்ரெண்ட்ஸ்', 2001) பரமார்த்த குருவின் மடத்தையே கட்டட ஒப்பந்தமாக மாற்றி வைத்த ஏற்பாடு: ஒரு மேலாளர், சுற்றிலும் உதவாக்கரைக் கூட்டம், கடைசியில் தலையில் விழும் சுத்தியல். 2019 மே மாதத்தில் யாரோ ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்க, ஒரு தமிழர் நேசமணியின் காயத்தைச் சொல்லிப் பதில் எழுத, அவருடைய நலத்துக்காக உலகம் பிரார்த்தித்தது. படத்துண்டும் மேலே ஒரு வரியுமாகச் செல்பேசியில் வந்து விழும் மீம், பழைய ஒற்றைக்கட்டச் சித்திரத்தின் வாரிசு. வரையத் தெரிய வேண்டாம், அச்சகம் வேண்டாம், ஆசிரியர் அனுமதி வேண்டாம். அச்சுக்கு வராத லயத்துச் சிரிப்புக்கும் இதில் இடமிருக்கிறது. ஹுலுகங்கையில் ஒரு கையடக்கத் திரையில் கவுண்டமணியின் முகத்துக்கு மேல் தோட்டத்துப் பேச்சில் ஒரு வரி எழுத எந்த இளைஞனுக்கும் இரண்டு நிமிடம் போதும். மேலதிகாரியின் பெயரைப் போடத் தேவையில்லை, பார்க்கிறவர்களுக்கு ஆள் தெரியும்.

ஆனால் அதே செல்பேசியில்தான் மூலிகை வைத்தியமும் வானிலை எச்சரிக்கையும் விண்கல் செய்தியும், அனுப்பியவர் யாரென்றே தெரியாமல், நாளுக்குப் பத்தாக வந்து குவிகின்றன. யானை இல்லை, தாடி இல்லை, வரைவதற்கு ஒரு முகம்கூட இல்லை. பத்துப் பேருக்கு அனுப்பிவைக்கும் விரல்கள் மட்டும் இருக்கின்றன. குரு இல்லாமல் சீடர்கள் மட்டும் உள்ள இந்த மடத்தை எந்தச் சித்திரக்காரர் எப்படி வரைவார் என்று பார்க்க எனக்கு ஆவல்.